கெண்டைக்கால் மேடமும் ஆறு டிகிரிக் கட்டிலும்

'மனிதரை வைத்து நடத்தும் எந்த ஆய்வையும் பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தியே தீர வேண்டுமென்றால், அந்த மனிதர் பழைய உடல்நிலைக்குத் திரும்பும் வரை நிறுவனமே பொறுப்பு.' அடையாறு பக்கம் இருந்த எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கையேட்டில் இந்த விதி தடித்த எழுத்தில் இருந்தது. அங்கே நிர்வாக அலுவலராகவும் அதற்குக் கீழ்ப்பட்ட பல பிறவிகளாகவும் முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்தவன் சொல்கிறேன்: தடித்த எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. அடிக்குறிப்பைத்தான் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

இந்த விதியை முழுக்க நம்பிய ஒரே ஜீவன் கெண்டைக்கால் மேடம். செருப்புக் கடைக்காரர்களை விட்டுவிட்டால், சென்னையில் அவர் அளவுக்குப் பிறத்தியார் கால்களைப் பார்த்தவர் இந்த நூற்றாண்டில் கிடையாது.

அவர் டாக்டர். எலும்பும் தசையும் அவர் துறை. ஆளைப் பார்த்தால் மயிலாப்பூரில் காய்கறி வாங்க வந்த மாமி மாதிரி இருப்பார். கைப்பையில் மூக்குக் கண்ணாடி, தையல்காரர் அளவு நாடா, சின்ன நோட்டு. முதல் நாள் என் அறைக்கு வந்து பணியேற்பு அறிக்கையை நீட்டினார். நான் அதில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது மேசைக்கு அடியில் ஏதோ என் காலைச் சுற்றியது. அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன்.

"அசையாதீங்கோ சார். முப்பத்தொண்ணு சென்டிமீட்டர்தான் வர்றது. ஐயோ பாவம்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நடந்ததை என் மனைவி நேரில் பார்த்திருக்கிறாள். பட்டுப்புடவை விரித்துக் காட்டிய தென்பாண்டிச் சீமை விற்பனையாளரிடம் மேடம் கேட்டாராம்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நின்னுண்டிருப்பேள்?"

"பன்னண்டு மணி நேரம்மா."

"பேண்ட்டைக் கொஞ்சம் தூக்குங்கோ."

அந்த மனிதர் கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு, "யம்மா, நீங்க சேலை எனக்கா எடுக்கீக?" என்றாராம்.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. விண்வெளியில் எடை கிடையாது. எடை இல்லாத இடத்தில் காலுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத தசை கரைந்துவிடும். முதலில் கரைவது கெண்டைக்கால். (இதே கொள்கைப்படி எங்கள் கணக்குப் பிரிவில் மூளைகள் கரைந்திருந்தன. அதை யாரும் ஆராயவில்லை.) இதைத் தரையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தலைப்பக்கம் ஆறு டிகிரி சரிந்த கட்டிலில் ஒருவரை அறுபது நாள் படுக்க வைக்க வேண்டும். சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் படுத்தபடியேதான். பிறகு முப்பது நாள் பயிற்சி கொடுத்துக் காலைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு கரைந்தது, எவ்வளவு திரும்பியது என்ற கணக்குதான் விண்வெளிக்குப் போகிறவருக்கு வேண்டும்.

மேடம் எட்டுப் பேர் கேட்டார். மனிதரை விண்ணுக்கு அனுப்பப் போகிறோம் என்று தொலைக்காட்சிகள் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஆராய்ச்சியில் சிக்கனம் என்று தலைமையகம் சுற்றறிக்கை அனுப்பியது. ராக்கெட்டைக் குறைக்க முடியாது, அது படத்தில் வரும். உள்ளே போகிறவரின் காலைக் குறைக்கலாம், அது படத்தில் வராது. எட்டு நாலாயிற்று. நாலு இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. ஒன்றையும் பாதியாக்கச் சொல்லி ஒரு வரைவு தயாரானதாகவும், எந்தப் பாதி என்பதில் கருத்து வேறுபாடு வந்து கைவிடப்பட்டதாகவும் கேள்வி.

அந்த ஒரே ஆளைத் தேடி மேடம் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போனார். பிறந்ததிலிருந்து மீன் வாசனை படாத மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தார். மீன்பாடி வண்டி மிதிக்கும் மணி தன் மூன்று சக்கரத்தை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டான்: "இன்னா மீன் வோணும் யம்மா?"

"மீன் வேண்டாம்ப்பா. காலைக் காட்டு."

நாற்பத்தொன்று. மேடம் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

மணி வந்தான். ராக்கெட்டில் போகிறவர்களுக்காக என்று சொன்னதும், "அப்போ நம்ம காலு மேல போவுதா?" என்று ஒரே கேள்விதான் கேட்டான். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'பாதி ராக்கெட்டு' என்று எழுதச் சொன்னான். நான் மறுத்தேன். எங்களுக்குள் அதுவே முதல் தகராறு.

உப்பு, சுண்ணாம்புச்சத்து எல்லாம் எடை போட்டுத் தர வேண்டியிருந்ததால் சாப்பாடு மேடம் வீட்டிலிருந்து வந்தது. "ரசத்த கிராம் கணக்குல ஊத்தற ஊடு உன் ஊடு ஒண்ணுதாம்மா" என்பான் மணி. "ஒரே ஒரு துண்டு கருவாடு கண்ல காட்டக் கூடாதா? துன்ன மாட்டேன், மோந்துக்கினு குடுத்துடறேன்."

"மோந்தா எச்சல் ஊறும். எச்சலையும் அளக்கணும். பேசாம படுத்துண்டிரு."

முப்பத்தேழாம் நாள் ஆணை வந்தது. ஆய்வு நிறுத்தப்படுகிறது. கட்டிலைப் பண்டகசாலையில் ஒப்படைக்க வேண்டும். தன்னார்வலரை அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி கொடுக்க இருந்தவரின் பணியிடம் நீக்கப்படுகிறது. காரணம் கேட்டுத் தலைமையக நிதி அதிகாரிக்குத் தொலைபேசினேன். "படுத்திருக்கறதுக்கு எதுக்குய்யா நிதி?" என்றார். "எங்க செக்‌ஷன்ல பாதிப் பேரு சும்மாவே பண்றாங்களே."

மணிக்கு மேடம்தான் ஆணையைப் படித்துக் காட்டினார். அப்போது அவன் கால் முப்பத்தெட்டரை.

"ஏம்மா, அப்போ என் காலு?" என்றான். "இத்த வெச்சிக்கினு காலி வண்டி கூட மிதிக்க முடியாதே."

மேடம் நேராக என் அறைக்கு வந்தார். கையில் அளவு நாடா இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

"ஏ.ஓ. சார், எட்டுக் கேட்டேன், ஒண்ணு குடுத்தேள். வாயை மூடிண்டிருந்தேன். இவனைக் கரைச்சது நான். திரும்ப அளவுக்குக் கொண்டுவராம இவனை அனுப்ப மாட்டேன். வேணும்னா என்னை சஸ்பெண்ட் பண்ணிக்கோங்கோ."

சஸ்பெண்ட் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு இருந்தது வேறு ஆயுதம். நிறுத்தல் ஆணையைச் சம்பந்தப்பட்டவர் மேசை முன் அமர்ந்து, படித்து, அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட வேண்டும் என்று ஓர் அடிக்குறிப்பு உண்டு. உடனே தலைமையகத்துக்கு எழுதினேன்: 'தன்னார்வலர் அமர்ந்தால் ஆணை சேரும் முன்பே ஆய்வு கெடும். அமராவிட்டால் கையொப்பம் செல்லுமா என்பது ஐயம். படுத்த நிலையில் பெறும் கையொப்பம் குறித்துத் தெளிவுரை வேண்டப்படுகிறது.' தெளிவுரை வரும் வரை பழைய நிலையே தொடரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. நகலைச் சட்டப் பிரிவுக்கும் மருத்துவப் பிரிவுக்கும் அனுப்பினேன். மூன்றாவதாக அறைகலன் பிரிவுக்கும் ஒன்று போட்டேன். மூன்று பிரிவுகள் பார்க்கும் கோப்பு முக்தியடைந்த ஆத்மா மாதிரி, இந்தப் பக்கம் திரும்பாது.

ஆனால் அறைகலன் பிரிவை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். என் கடிதத்தின் இணைப்பில் 'சரிந்த கட்டில், ஒன்று' என்ற வரி மட்டும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பண்டகசாலைக்குத் திரும்பும் எந்தப் பொருளும் பழுது நீக்கப்பட்டிருக்க வேண்டுமே! மூன்றே நாளில் ஒரு தச்சரை அனுப்பிவிட்டார்கள். எங்கள் நிலைய வரலாற்றில் ஒரு கட்டில் அவ்வளவு வேகமாகப் பழுது பார்க்கப்பட்டதில்லை. மேடம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தபோது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் ஏறியிருக்க, மணி மட்டமாகப் படுத்திருந்தான்.

"ஆறு டிகிரி போச்சே!" மேடத்தின் அலறல் மாடியில் எனக்குக் கேட்டது.

"கட்டிலு சாஞ்சிக்கினு கீது மேடம், அதான் கல்லு வெச்சேன். ரசமட்டம் வெச்சுப் பாரு, ஷோக்கா கீது" என்றார் தச்சர்.

"ஏன்டா, நீயாவது வேண்டாம்னு சொல்லப்படாதோ?"

"சொன்னேம்மா. தலைகீழா படுத்துக்கினு சொன்னா யாரு மதிக்கறான்?"

நாலு நிமிஷம் மட்டமாக இருந்திருக்கிறான். மேடம் அந்த நாலு நிமிஷத்தையும் நோட்டில் எழுதி, கீழே 'காரணம்: செங்கல்' என்று குறித்தார்.

ஐம்பத்திரண்டாம் நாள் நிதி அதிகாரியே நேரில் வந்தார். ஆணை போயும் ஒருவன் படுத்திருக்கிறான் என்ற செய்தி அவரை வாட்டியிருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும், "எந்திரிய்யா!" என்றார்.

"எந்திரிச்சா கெட்டுப்பூடும் சார். நீ வேணா குனிஞ்சிக்கோ" என்றான் மணி.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் மேடம் தரையில் உட்கார்ந்து அவர் காலைச் சுற்றி நாடாவைப் போட்டுவிட்டார்.

"முப்பத்து மூணு. இவனுக்கு இன்னும் முப்பத்தெட்டு இருக்கு. இவன் அம்பத்திரண்டு நாளாப் படுத்துண்டிருக்கான். நீங்க எத்தனை வருஷமா உட்கார்ந்துண்டிருக்கேள்?"

"இருபத்தெட்டு" என்றார் அதிகாரி, தன்னை மறந்து.

அவர் வந்த வழியே திரும்பினார். கோப்பில் மட்டும், 'ஆய்வுக்கு வரும் அதிகாரியின் உடலை அளப்பது விதிப்படி சரியா?' என்று தன் பங்குக்கு ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டுப் போனார். கோப்பு இன்னும் ஓர் ஆண்டு கனத்தது.

அறுபத்தோராம் நாள் காலை மணியை எழுப்பி நிற்க வைத்தார்கள். இரண்டு விநாடி நின்றான். பிறகு சுவரில் மாட்டிய சட்டை நழுவுகிற மாதிரி சரிந்தான். ஒரு பக்கம் மேடம், மறுபக்கம் விதிகளுக்கு முற்றிலும் புறம்பாக நான். பயிற்சியாளர் இல்லாததால் மேடமே பயிற்சியாளரானார். முதலில் தாழ்வாரம். அப்புறம் மாடிப்படி. அப்புறம் தினமும் திருவான்மியூர் கடற்கரை மணல். முன்னால் மணி, பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடம்.

"யம்மா, பின்னாலயே வந்துக்கினு கீறியே, ஊரு இன்னா நெனைக்கும்?"

"கடன்காரின்னு நெனைச்சுக்கட்டும். நீ நட."

பயிற்சியின் முப்பதாம் நாள் அளவு நாற்பத்தொன்று. நம்பாமல் மூன்று தடவை அளந்தார். அன்று மாலை மந்தைவெளி சிக்னலில் பேருந்துக்குள் இருந்து ஒரு காட்சி கண்டேன். மணி நின்றுகொண்டு மீன்பாடி வண்டி மிதிக்கிறான். பின்னால் பலகையில், மீன் வாசனைக்கு மூக்கைக்கூட மூடாமல், கல்யாண ஊர்வலத்துப் பெண் மாதிரி மேடம் உட்கார்ந்திருக்கிறார். கண் மட்டும் மணியின் காலை விட்டு நகரவில்லை.

ஆனால் மேடம் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஒரு மனிதன் ஓர் ஆய்வாக மாட்டான், இன்னும் ஏழு பேரோடு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தலைமையகம் வெட்டியது எதை என்று அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மேடம் அழுவார் என்று நினைத்தேன். "ஏழுதானே?" என்றார்.

அதன் பின் மேடம் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். தெளிவுரை வராததால் ஆய்வு மட்டும் ஓய்வு பெறவில்லை. கட்டிலும் அறையும் அவர் பெயரிலேயே நின்றன. மணி தன் மச்சானைக் கூட்டி வந்தான். மச்சான் இன்னொருவரைக் கூட்டி வந்தான். செலவு மேடத்தின் பென்ஷன், ரசமும் அவருடையதே. இரண்டு பேர் அறுபது நாள் படுத்து, முப்பது நாள் நடந்து, கால் திரும்பி வீடு போய்ச் சேர்ந்தார்கள். நாலாவது ஆள் பதினெட்டாம் நாளில் இருந்தபோது என் இடத்துக்கு வந்த அலுவலர் தொலைபேசினார்.

"சார், நீங்க கேட்ட தெளிவுரை வந்துடுச்சு. படுத்துக்கிட்டுப் போட்ட கையெழுத்தும் செல்லுமாம். கேட்டவர் பேருக்குத்தான் அனுப்பணுமாம், உங்க வீட்டுக்கே வருது. நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கினதும் கட்டில எடுத்துடுவோம்."

தபால்காரர் எங்கள் மயிலாப்பூர்த் தெருவின் திருவிழாக் கூட்டத்தில் நீந்தி, வியர்த்து வழிய வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு வருஷமாக என்னை அறிந்தவர். உறையை நீட்டி என் பெயரைப் படித்தார்.

"அவர் ஊர்ல இல்லையே" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்ப சார் வருவாரு?"

"அஞ்சு பேர் எழுந்து நடக்கணும். அதுக்கப்புறம்தான்."

அவருக்கு என்ன புரிந்ததோ, 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் வந்த கடிதம் ஒன்றைக்கூட நான் வாங்காமல் திருப்பியதில்லை. இது ஒன்றுதான். பதில் வந்த நாள், போன பங்குனி, அறுபத்து மூவர் அன்று.