வடிகட்டி அண்ணனுக்குப் பயந்து குடித்த கோப்பி

பிரிக்பீல்ட்ஸில் வடிகட்டி அண்ணனுக்குப் பயப்படாமல் கோப்பி குடித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கும் தெரியாது. சட்டைப் பையில் எப்போதும் வடிகட்டித் தாள்களை மடித்து வைத்திருப்பார். கீழே மேரி அக்கா கடையில் யார் கோப்பி வாங்கினாலும் கிளாசைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"மேல மினுமினுன்னு மெதக்குதே, தெரியுதா பாஸ்? கோப்பிக் கொட்டையோட எண்ணெய். துணிப் பையில வடிச்சா நிக்காது, நேரா கொலஸ்ட்ரோல்தான். தாள்ல வடிச்சாத்தான் நிக்கும்."

ஒரு லோரி டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிறது நான் லா அங்கிள். உங்களுக்கு ஏன் நெஞ்சு வலிக்குது?"

"நாளைக்கு நீ ஸ்டியரிங்ல சாஞ்சா, எதுத்தாப்ல வர்றவனுக்கும் சேத்துத்தான் வலிக்கும்!"

டிரைவர் பாதிக் கோப்பியோடு எழுந்து போய்விட்டார். மேரி அக்கா கரண்டியை ஓங்கினார். "அண்ணே, இப்படியே போனா நான் கடையச் சாத்திட்டு எங்க ஊரு பந்திங்குக்கே போயிருவேன்!"

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கமாட்டேன். அந்தச் சமயம் எனக்கும் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, இறங்காவிட்டால் மாத்திரை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். எனக்குத் தூக்கமே போயிற்று. மேரி அக்கா இதை அண்ணன் காதில் போட்டுவிட்டார்.

அதோடு என் கிளாஸ் என்னுடையதாக இல்லை. முதல் நாள் என் பால் கோப்பியைத் தாளில் ஊற்றினார். டின் பால் தாளை அடைத்துக்கொண்டு, வடிவேனா என்றது. "பாலும் வேணாம் தங்கச்சி, வெறும் கோப்பி ஓவே குடி" என்றார். அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிவதற்குள் அவர் நெய் ரொட்டியும் மூன்று வடையும் முடித்துவிடுவார். எனக்குச் சொல்லக் கூச்சம்.

மேரி அக்காவுக்கு ஏது கூச்சம்? "ஊர் ரத்தத்துக்கெல்லாம் காவல் நிக்கிறீங்களே, ஒங்க ரத்தத்தப் பாத்தீங்களாண்ணே?"

வடை வாய்க்குப் போகாமல் நின்றது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"ஊசின்னா எனக்கு வேர்த்து ஊத்திரும் தங்கச்சி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எங்கிருந்துதான் எனக்கு வாய் வந்ததோ. "எனக்கும் பயம்தாண்ணே. சேந்து போவோம்."

இருவரும் கிளினிக்கில் ரத்தம் கொடுத்தோம். ரிசல்ட் சொல்லும் நாளில் அவர்தான் முதலில் உள்ளே போனார். நனைந்த துணிபோல் வெளியே வந்தார். "எனக்கு ஏறிக் கெடக்குதாம். கோப்பி சரிதானாம். வடையும் நெய்யும்தானாம்."

சிரிப்பு வரவில்லை. என் முறை வந்துவிட்டது. உள்ளே போனேன்.

டாக்டர் சின்னப் பெண். "இறங்கியிருக்கு ஆன்டி. கோப்பியத் தாள்ல வடிச்சதும் நல்லது, டின் பால விட்டதும் நல்லது. இப்ப மாத்திரை வேணாம். அப்படியே பாத்துக்கங்க" என்றது.

கதவைத் திறந்தால், அண்ணன் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார். மருந்து வாங்கச் சொல்லி நர்ஸ் மிசி அவரைக் கூப்பிட்டபடி இருக்கிறார். இவர் நகரவில்லை.

"எறங்குச்சா?"

"எறங்கிருச்சுண்ணே."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒங்க மருந்து..."

"இரு தங்கச்சி. கை நடுங்குது."

என் வீட்டுக்காரர் போன பிறகு, என் நெஞ்சை நினைத்து இன்னொருவர் கை நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன்.