வலிவாங்கியின் நாலாவது மாடி

விடிந்தால் போதும், வலிவாங்கி ஐயாவின் வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். மருந்தில்லை, ஊசியில்லை. உங்கள் கையைப் பிடிப்பார். உங்களுக்குப் பதிலாக அவர் முனகுவார். வலி அவரிடம் போய்விடும். முனகலுக்குத் தகுந்த காணிக்கை உண்டு. ஊரார் வலியையெல்லாம் வாங்கி வைத்திருந்த மனிதர் நாளுக்கு நாள் சதை போட்டுக்கொண்டே போனார். அதையும் அற்புதத்தில் சேர்த்துவிட்டார்கள்.

நிபந்தனை ஒன்றுதான். கட்டடத்தில் லிஃப்ட் நன்றாகவே ஓடியது. ஆனால் வலிக்காரர்கள் நாலு மாடியும் படியேறித்தான் வர வேண்டும். ஏறும்போதும் வரிசையில் நிற்கும்போதும் "போ, போ" என்று சொல்லி விரல்களை மடக்கி மடக்கி நீட்ட வேண்டும். அது மந்திரமாம்.

தையல்கார அம்மாவும் போனார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, அது திரும்பாமலிருக்க ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையைச் சில வருடம் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை நோயைத் தடுத்தது, மூட்டுகளைப் பிடித்துக்கொண்டது. காலையில் விரல் மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.

"மாத்திரையோட பக்க விளைவும்மா. நடங்க, கையை அசைங்க. தாங்கலைன்னா வாங்க, வேற மாத்திரை பார்க்கலாம்" என்றார் டாக்டர். சொன்னார், ஆனால் முனகவில்லை. அதனால் எடுபடவில்லை.

வலிவாங்கி முனகினார். விரல் மடங்கியது. தையல்கார அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வலிய வாங்கிட்டேன். ஆனா அந்த மாத்திரை விஷம்மா. நாளைக்குக் கொண்டுவந்து இதுல கொட்டிடு" என்று ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். யார் யாரையோ உயிரோடு வைத்திருந்த மாத்திரைகள் அதில் பாதிக்குமேல் கிடந்தன.

வீட்டுக்கு வந்து இதை நாத்தனாரிடம் சொன்னார். அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பவர். பார்க்காமல் யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

"அண்ணி, மாத்திரைய நிறுத்தி அந்த நோய் திரும்பி வந்தா, அதையும் அந்தாளு வாங்கிக்குவாரா?"

"என் விரல் மடங்குச்சேடி. கண்ணால பார்த்தேன்."

"சரி, நாளைக்கு நானும் வர்றேன். ஒரு தடவை நான் சொல்றபடி வாங்க. அப்புறம் பேசலாம்."

மறுநாள் எழுந்த அண்ணியை விரலசைக்க விடாமல் ஆட்டோவில் ஏற்றினார். லிஃப்டில் மேலே கொண்டுபோனார். பஸ்ஸில் சொல்லும் அதே குரலில் "வழி விடுங்க" என்றதும் வரிசை ஒதுங்கியது.

ஐயா கையைப் பிடித்து முனகினார். "இப்ப மடக்கும்மா."

விரல்கள் விறைத்தே நின்றன. இன்னும் உருக்கமாக முனகிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"உனக்கு நம்பிக்கை போதலை."

"நேத்து இருந்த நம்பிக்கைதாங்க இன்னைக்கும் இருக்கு" என்றார் தையல்கார அம்மா, தன் கையைப் பார்த்தபடி. "இன்னைக்குப் படியேறல, விரல மடக்கி நீட்டல, அவ்வளவுதான்."

நாத்தனார் கதவை அகலத் திறந்தார். "ஐயாவை இன்னும் பார்க்காதவங்க எல்லாரும் கையை மடக்குங்க."

படி நெடுகக் கைகள் மடங்கின. காலையில் சீப்புப் பிடிக்க முடியாதவர்கள் தங்கள் கையையே வெறித்துப் பார்த்தார்கள்.

"ஐயா உள்ளதான் இருக்காரு. உங்க வலிய யாரு வாங்கினது?"

படியில் நின்ற ஒருவர் சொன்னார்: "படிக்கட்டு."

டாக்டர் கொடுத்த அதே வைத்தியம்தான். முனகல் மட்டும் கூடுதல். வலிவாங்கி ஐயா வழக்கம்போல் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார்.

கூட்டம் தங்கள் மாத்திரைகளைத் திரும்ப எடுக்க ஜாடிக்குள் கையை விடப் போனது. "கலந்து கிடக்கு, தொடாதீங்க. அவங்கவங்க டாக்டர்கிட்ட போங்க" என்று நாத்தனார் தடுத்தார்.

தையல்கார அம்மா பைக்குள் தன் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வலி நாளைக்கும் இருக்கும். டாக்டர்கிட்டயே போய்க் கேக்கறேன். மாத்திரைய விடமாட்டேன்."

இறங்கும்போது ஓர் அம்மாள் கடைசிப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். "படிக்கட்டு ஐயா, காப்பாத்துங்க."

நாத்தனார் நின்றார்.

"விரல மடக்கி நீட்டினது போதும்மா. மூளையையும் கொஞ்சம் மடக்கி நீட்டுங்க. ரொம்ப நாளா அசையாமக் கிடக்கு."