பின்னறையில் மண்ணெண்ணெய் வாடை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் அத்தையும் நானும் உடம்பளவில் சுகம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். "சொல்லுங்க மாமா" என்று நீங்கள் பாசமாகக் கேட்டதும், அங்கே மழை உண்டா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

விஷயம், சில வருஷம் முன்னால் எங்கள் பின்னறையில் முதிரட்டும் என்று நீங்கள் வைத்துப்போன வெள்ளை ஒயின் பாட்டில்கள். உங்கள் ஒயின் கம்பெனி முதலாளியைக் கேட்காமல் கார்க் தக்கைக்குப் பதில் திருகு மூடி போட்டீர்கள், வாசனை ஒயின் அதில் வருஷக்கணக்கில் நிதானமாக முதிரும் என்றீர்கள். வெள்ளிக்கிழமை அவர் வந்து ருசி பார்க்கப்போகிறார், கெட்டிருந்தால் மூடி போட்டவர் வேலை காலி என்று கத்தியிருக்கிறார். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னீர்கள்? எனக்குத் தூக்கம் போச்சு. கார்க்காக இருந்தால் கை வைத்திருக்க மாட்டேன். இது இருமல் மருந்து மாதிரிதானே, முகர்ந்துவிட்டு மூடிவிடலாம் என்று ஒன்றைத் திருகினேன். மாப்பிள்ளை, எலுமிச்சை வாசம் பூ வாசம் என்றீர்களே, குப்பென்று மண்ணெண்ணெய்! காலமெல்லாம் தீயணைப்பு வண்டி ஓட்டினவன், எனக்கா அந்த வாடை தெரியாது? மெயின் சுவிட்சை அணைச்சு, உங்க அத்தையை ஈரத்தலையோட வாசலுக்கு விரட்டி, மாடி வீட்டுக்காரரையும் இறக்கிட்டேன். அப்புறம் அடுத்ததைத் திறந்தா அதுலயும் அதே வாடை, அதுக்கடுத்ததுலயும் அச்சு அசலா அதே வாடை. காத்தாடினா போயிடும்னு எல்லாத்தையும் மூடியில்லாம ஜன்னலோரம் வரிசையா வெச்சு, மெயினைத் திரும்பப் போட்டு ஃபேனைச் சுத்த விட்டேன். மறுநாள் பார்த்தா வாடை குறைஞ்சிருந்தது, ஆனா ருசியும் கூடவே போயிடுச்சு. மிச்சமிருந்த ஒரே பாட்டிலை உங்க அத்தை மடியில வெச்சுக்கிட்டு, "இதைத் தொட்டுப் பாருங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்"னு உட்கார்ந்துட்டா.

உங்க வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு. அதனால முதலாளிகிட்ட, திருகு மூடி போடச் சொல்லி உங்களை நச்சரிச்சதே நான்தான், நீங்க வேண்டாம் வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டீங்கன்னு சொல்லிடப்போறேன். பென்ஷன் வாங்குறவனை யாரு வேலையை விட்டுத் தூக்க முடியும்?

கோபம் ஆறிய பிறகு பதில் போடவும். நீங்களும் மகளும் சகல நலன்களோடும், முக்கியமாக வேலையோடும், நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கதிகலங்கிய மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவர் செருப்பைக் கழற்றும்போதே பழியெல்லாம் என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அத்தையிடமிருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மயக்கம் என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். "இந்த ஒயின் நல்லா முதிர்ந்தா இந்த வாடைதாங்க வரும்! இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எலுமிச்சை வாசம் அப்படியே நிக்குது பாருங்க. எல்லாம் மூடி பண்ணின வேலை. என்ன தொலைநோக்கு உங்களுக்கு!" என்கிறார். உங்கள் யோசனைதான் என்று எவ்வளவோ சொன்னேன், தன்னடக்கம் என்கிறார். திங்கட்கிழமை முதல் நான் ஆலோசகராம், நாற்காலி உங்கள் அறையிலேயே. நல்ல மூடியை எதிர்த்தீர்கள் என்று உங்கள் மேல் அவருக்குக் கடும் கோபம். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, உங்களை வேலையில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.