மூச்சுச் சாமியார் மூச்சு விட்ட கதை

எழுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் மரக்காணம் பஸ்ஸில் ஏறியவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். "மூச்சுச் சாமியாருக்கு ஒண்ணு குடுப்பா" என்றால் போதும், கண்டக்டர் செட்டிக்கழிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். அனுமந்தையிலிருந்து மீன்கூடையோடு வந்தார்கள். கூனிமேட்டிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். ஆரோவில்லில் மண் வெட்டப் போனவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். "பாத்தீங்களா, சீமையே தேடி வந்துடுச்சி!" என்று சாமியார் மார்தட்டினார். அவர்கள் வந்தது இளநீர் வாங்க.

சாமியாரின் வைத்தியம் மிகச் சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் தருவார். பப்பாளித் தண்டை அதில் விட்டு ஊத வேண்டும். ஊதிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாலாக வெளுக்கும். "பாத்தியா? உள்ள இருக்கிற நோயி வெளிய வந்து நிக்குது!" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு கோழியோ, கருவாடோ, காதில் கிடக்கும் தோடோ காணிக்கையாகப் போகும். சாமியார் விபூதி போட்டு இன்னொரு டம்ளர் தருவார். ஊதினால் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். நோய் ஓடிவிட்டது! மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் வேறு எதிலும் சேர்ந்து நின்றதில்லை. ஏமாறுவதற்கு மட்டும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஊரில் உண்மையாகவே நோய் இருந்தது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் குடிக்கும் கிணறு ஒன்றுதான். அதன் கரையிலேயே மாடு கழுவுவார்கள், பிள்ளைகளுக்குக் கால் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் திரும்ப உள்ளே இறங்கும். வருஷா வருஷம் வாந்திபேதி வரும்.

இதைக் கேட்கப் பஞ்சாயத்தில் ஒருவர் இருந்தார். சுலோசனா, ஒரே பெண் உறுப்பினர். சட்டத்தில் ஒரு பெண் வேண்டும் என்று இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். கிணற்றுக்கு சிமெண்ட் மூடி, ஒரு அடிபம்பு, தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். தலைவர் பச்சமுத்து அதை நிறைவேற்றி சிமெண்ட் மூட்டைகளையும் வாங்கிப் போட்டார். அந்த வாரம்தான் சாமியார் வந்து சேர்ந்தார்.

"பவுடர் கொட்டுனா தண்ணியோட சக்தி போயிடும்" என்று சாமியார் சொன்னார். பவுடர் நின்றது. மூடிக்கு வாங்கிய சிமெண்ட் சாமியாருக்கு மேடையாக மாறியது.

"என்னாங்க தலைவரே இது?" என்று சுலோசனா கேட்டார்.

"நீ வேற சும்மா இரும்மா. எனக்கே மூணு தரம் நோய எடுத்துட்டாரு. தேர்தல் வேற வருது."

அடுத்த நாள் உப்பளத்தில் வேலை செய்யும் பாவாடை என்பவர் வாந்திபேதியில் சுருண்டு விழுந்தார். அவர் மனைவி அம்சவள்ளி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது சாமியாரிடம். தோடு போயிற்று. இரண்டாவது டம்ளர் தெளிவாக நின்றது. குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால், மத்தியானத்துக்குள் மனிதனுக்குக் கண் குழிவிழுந்து, கை கால் ஜில்லிட்டுப்போனது. விஷயம் கேட்டு ஓடிவந்த சுலோசனா உப்பு லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறிய பிறகே பாவாடை வாய் திறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்சவள்ளி அழுதாள். "ரெண்டாவது டம்ளரு சுத்தமாத்தானே இருந்துச்சுக்கா! என் கண்ணால பாத்தேனே!"

"தண்ணிய எதுலருந்து மொண்டாரு?"

"மொதல்ல கருப்புப் பானைலருந்து. அப்பறம் செவப்புப் பானைலருந்து."

சுலோசனா அழுகையைப் பார்ப்பதை விட்டு யோசிக்க ஆரம்பித்தார். ஊரில் வெகுநாளாக யாரும் செய்யாத வேலை அது.

வெள்ளிக்கிழமை சாமியார் முன்னால் நிற்க இடமில்லை. தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுலோசனாவின் முறை வந்தது.

"சாமி, எனக்கு மொதல்ல செவப்புப் பானை தண்ணி குடுங்க."

"அது குணமானவங்களுக்கும்மா."

"நோயி இருந்தா எதுல ஊதினாலும் தெரியணுமில்ல? பானை பாத்தா வரும்?"

சாமியார் சிவப்புப் பானையை மறைப்பதற்குள் சுலோசனாவே மொண்டு ஊதினார். தண்ணீர் தெளிவாக நின்றது. "சுலோசனாவுக்கு நோயில்ல!" என்றது கூட்டம். அதே மூச்சோடு கருப்புப் பானைத் தண்ணீரில் ஊதினார். பால்! "ஐயோ, நோயிருக்குது!" என்றது அதே கூட்டம்.

"இருக்குதா இல்லியா? ஒண்ணு சொல்லுங்க. தலைவரே, நீங்க மூணு தரம் குணமானவரு. இதுல ஊதுங்க."

பச்சமுத்து வேறு வழியில்லாமல் கருப்புப் பானைத் தண்ணீரில் ஊதினார். பால்.

"அடக் கடவுளே, நாலாவதா வேற வந்துடுச்சே!" என்று அலறினார். எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"சாமிக்கு நோயே கெடையாது. அவரே ஊதிக் காட்டட்டும்" என்றார் சுலோசனா.

"நான் இன்னிக்கு மௌன விரதம்" என்றார் சாமியார், சத்தமாக.

பத்துப் பேர் அவரைப் பிடித்து உட்காரவைத்து வாயில் தண்டைச் செருகினார்கள். சாமியார் மூச்சை அடக்கினார். கன்னம் உப்பியது. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. மூச்சை வைத்தே பிழைத்த மனுஷன் மூச்சே விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அனுமந்தை ஞானமேரி வந்தாள்.

"வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சாமியாரின் விலாவில் இரண்டு கையாலும் கிச்சுக்கிச்சு மூட்டினாள்.

"ஹிஹ்ஹீ!" என்று சாமியார் வெடித்தார். டம்ளரில் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. தண்ணீர் பாலாக வெளுத்தது. அதுவரை யாருக்கும் அவ்வளவு வெள்ளையாக வந்ததில்லை!

சுலோசனா கருப்புப் பானையைக் கவிழ்த்தார். அடியில் கெட்டியாக வெள்ளை வண்டல். கிளிஞ்சல் சுடும் கஸ்பார் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"டேய், இது என் காளவாய்ச் சுண்ணாம்புடா! பந்தலுக்கு வெள்ளையடிக்கணும்னு சொல்லி வாங்கினியே!"

"தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில எவன் ஊதினாலும் வெளுக்கும்" என்றார் சுலோசனா. "நோயாளி ஊதினாலும் வெளுக்கும், பயில்வான் ஊதினாலும் வெளுக்கும். செவப்புப் பானையில வெறுந்தண்ணி. நோயி உங்க மூச்சுல இல்ல. கெணத்துல இருக்குது."

சாமியார் ஓடினார். கோழிகள் அவிழ்ந்து அவருக்கு முன்னால் ஓடின. உப்புப் பாத்தியில் வழுக்கி விழுந்தவரை அம்சவள்ளிதான் எட்டிப் பிடித்தாள். தோட்டைக் கழற்றி வாங்கிய கையை அவள் முறுக்கிய முறுக்கில், மௌன விரதம் மரக்காணம் வரைக்கும் கேட்டது. போலீஸ் வரும்வரை அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

மேடையை உடைத்தார்கள். கிணற்றுக்கு மூடி வந்தது, பவுடர் வந்தது, மாடு கழுவ வேறு இடம் வந்தது. பச்சமுத்து எல்லாம் தன் யோசனை என்று பேசிக்கொண்டு திரிந்தார். அந்த ஐப்பசியில் ஊரில் ஒருவருக்கும் வாந்திபேதி இல்லை.

அடிபம்பு நட்ட மறுநாள் காலையில் சுலோசனா தண்ணீருக்குப் போனார். பம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தது. நாலைந்து பேர் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே பம்பு ஆத்தா காப்பாத்துவாக்கா!" என்றான் ஒருவன்.

சுலோசனா மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற மாட்டுக்குப் போட்டார். அது ஒரு விநாடிகூடக் கும்பிடாமல் தின்றது.

"ஆத்தாளும் இல்ல, தாத்தாவும் இல்ல. நீங்க குடுத்த வரிப் பணம், நாம போட்ட தீர்மானம். இது இரும்பு, அடிச்சா தண்ணி வரும், அடிக்காம வுட்டா துருப்புடிக்கும். உங்க தலைக்குள்ள ஒண்ணு கெடக்குதே, அதுவும் அப்படித்தான். அதையும் கொஞ்சம் அடிச்சுப் பாருங்கப்பா!"