ஸ்டேப்ளர் டீச்சர் பூட்டிய கதை

தென்காசியில் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவன்கூட இருக்கலாம். எங்கள் ஸ்டேப்ளர் டீச்சரிடம் மாட்டாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கிடையவே கிடையாது!

எங்கள் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், அவர் நூலகம். அந்தக் காலத்துச் சின்னஞ்சிறுசுகள் வளர்ந்து ஆளாகும் சரித்திரக் கதை என்றால் டீச்சருக்கு உயிர். புத்தகத்தைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுப்பார். ஆனால் கடைசி அத்தியாயத்தை 'டக் டக்' என்று ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டுத்தான் கொடுப்பார். அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று சொன்னால்தான் பின்னைப் பிடுங்குவார்.

ஒரு கதையில் வெள்ளைக்காரன் காலம். பதினாலு வயசு நெசவுக்காரப் பெண். பரணில் அண்ணன் ஒளிந்திருக்கிறான், வாசலில் போலீஸ். அங்கே பின்!

"ஏட்டி, நீயா இருந்தா கதவத் தொறப்பியா?"

"மாட்டவே மாட்டேன் டீச்சர்!"

பின்பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்தான். "எங்கப்பா போலீசு டீச்சர். ஒரே மிதில ஒடச்சிருவாரு!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "சரிலே, வாசல்ல நிக்கது ஒங்கப்பா, பரண்ல இருக்கது ஒங்கண்ணன். இப்ப சொல்லு."

பயல் அன்று சாயங்காலமே அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இந்த ஆட்டத்துக்கு வந்தது வினை. ஹெச்.எம். கண்ணில் பின் பட்டுவிட்டது.

"சர்க்கார் புஸ்தகத்துல பின்னடிக்கியளா! திங்கக்கிழமையிலேருந்து லைப்ரரி பீரியடே கிடையாது. கணக்குக்குக் குடுத்திருதேன்!"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பீரியட்தானே அவர் உயிர்! ஆனாலும், "இத மட்டும் படிச்சிட்டு பீரியட நிறுத்திருங்க சார்" என்று அதே நெசவுக்காரப் பெண் புத்தகத்தை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சாரல். மெயின் அருவி வரிசையில் எனக்கு முன்னால் எண்ணெய்த் தலையும் இடுப்புத் துண்டுமாக ஹெச்.எம். பெண்கள் வரிசையில் டீச்சரைப் பார்த்தாரோ இல்லையோ, அருவிச் சத்தத்தை மிஞ்சிக் கத்தினார்.

"டீச்சர்! கூரை ஓட்டப் பிரிச்சு அண்ணன வெளிய அனுப்பிட்டு, அப்புறமாத்தான் தொறப்பேன்! பின்னப் பிடுங்குங்க!"

மொத்தக் குற்றாலமும் திரும்பிப் பார்த்தது.

"நீங்களே பிடுங்கிருக்கலாமே சார்?" என்றேன்.

"டீச்சர்கிட்ட பதில் சொல்லாமயா? என்னவே பேசுதீரு!"

திங்கட்கிழமை லைப்ரரி பீரியட் இருந்தது. அதற்கப்புறமும் இருந்தது.

இந்த வருஷம் டீச்சருக்கு வெளியூர் மாற்றல். போகும்போது என் மேஜையில் ஒரு புத்தகம் வைத்துவிட்டுப் போனார், பின்னோடு. பின் வரைக்கும் படித்தாயிற்று, பதிலும் ரெடி. பிடுங்க ஒரு நிமிஷம் ஆகாது. மாட்டேன், டீச்சர் வந்து கேட்கட்டும்.