மாதாவும் ஆத்தாவும் பொழிந்த விபூதி

அதிசயம் கேளுங்கள்! எண்ணூர் ஓரத்தில் ஒரு குப்பம். அங்கே ஒரே தெருவில் எதிரெதிராக ஒரு பழைய மாதா கோயிலும், அதைவிடப் பழைய எல்லையம்மன் கோயிலும். மார்கழி வாடைக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் இரண்டு கோயில் மேலேயும் வானத்திலிருந்து விபூதி கொட்டுகிறதாம்!

கண்டுபிடித்தவர் பிரதர் வல்லரசு சுவாமிகள். ஒரே கழுத்தில் ருத்திராட்சமும் ஜெபமாலையும். நடுவே காணிக்கை அனுப்ப க்யூஆர் அட்டை. அதற்கு மட்டும் மதம் கிடையாது.

"மாதாவும் ஆத்தாவும் அக்கா தங்கச்சி. உங்களுக்குன்னே கொட்டிக்கினு கீறாங்க. இருமலா, இழுப்பா, நாக்குல ஒரு சிட்டிகை வெச்சுக்கோ. இங்கிலீஷ் மருந்தத் தொட்டா மட்டும் சக்தி பூடும்!"

இந்துவுக்கு விபூதி தெரியும். கத்தோலிக்கருக்கும் வருஷா வருஷம் விபூதிப் புதன் உண்டு. அந்த ஒரே வார்த்தையில் இரண்டு கூட்டமும் விழுந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் வேண்டாம் என்றார். பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டது? ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

இதே தூசி கொடியில் காயும் துணியில் விழுந்தால் "ச்சீ, கலீஜு" என்று திட்டி உதறுவார்கள். கோயில் கூரையில் விழுந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தூசிக்கும் நல்ல முகவரி வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

ஞானசெல்வியின் மகள் ஜூடிக்கு மூச்சிழுப்பு. டாக்டர் கொடுத்த இன்ஹேலரைப் பீரோவில் பூட்டிவிட்டு, மகளுக்கு விபூதி ஊட்டிக்கொண்டிருந்தாள் அந்த மகராசி. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து நாத்தனார் ஜானட் வந்தாள். குழந்தை தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை இன்னும் வரவில்லை. அதற்கு ரொம்ப தூரமும் இல்லை.

"சாவியக் குடு, செல்வி."

"வேணாம் அண்ணி. தெய்வ குத்தமாப் பூடும். சாமி டுபாக்கூர்னு நீங்க காட்டுங்க, இப்பவே தர்றேன்."

ஜானட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டுக் கெங்கம்மாவை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கெங்கம்மா மீன் விற்பவள். அவள் சொன்னதைப் பொய் என்று சொல்ல அந்தக் குப்பத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் இருவரும் மூன்று டப்பாக்களோடு சுவாமிகள் முன் நின்றார்கள். ஞானசெல்வியும் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருந்தாள்.

"மூணு எடத்துல வழிச்சது, சாமி. எதுல சக்தி ஜாஸ்தின்னு சொல்லுங்க. புள்ளைக்கு அதையே குடுக்கறோம்," என்றாள் ஜானட்.

சுவாமிகள் கண்ணை மூடினார். மூன்றையும் மோந்து பார்த்தார். சிவப்பு மூடி டப்பாவை எடுத்ததும் உடம்பெல்லாம் ஒரு ஆட்டம்!

"இதான்! ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கிக் கீறாங்க!" சொல்லிவிட்டு ஒரு சிட்டிகையைத் தன் நாக்கிலும் போட்டுக்கொண்டார். கூட்டம் "மாதாவே!", "ஆத்தா!" என்று கைகூப்பியது.

"யோவ் சாமி!" கெங்கம்மாவின் குரல் கடற்கரை வரை கேட்டிருக்கும். "அது பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கூரை மேல வழிச்சதுய்யா!"

சுவாமிகள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார். ஆனாலும் கெட்டிக்காரர். "தெய்வம் இல்லாத எடம் ஏதும்மா?" என்றார்.

"அப்ப அங்கயே போயி உண்டியல் வைய்யி!" என்றாள் ஜானட். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, மற்றவர்களுக்கும் சிரிப்பு தொற்றியது. ஜானட் சிரிக்கவில்லை. "ரெண்டு கோயிலு, ஒரு கக்கூசு, மூணுலயும் ஒரே தூசி. அந்தா கரண்டு கம்பெனி சிம்னி கக்குதே, அந்தச் சாம்பல். அதால தாம்மா புள்ளைக்கு இழுப்பே வருது. அதையே நாக்குல தடவறீங்களே, பாவிங்களா!"

சுவாமிகள் செருப்பைக்கூடத் தேடாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஞானசெல்வி அதைப் பார்க்க அங்கே இல்லை. வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, பக்கத்து வீட்டிலிருந்த மகள் வாயில் இன்ஹேலரை வைத்திருந்தாள். பின்னாலேயே ஓடி வந்த ஜானட்டிடம் "என் கையாலயே ஊட்டினேனே, அண்ணி" என்று தேம்பினாள். கொஞ்ச நேரத்தில் ஜூடியின் மூச்சு சீரானது. சரியானதும் அத்தையிடம் பிரியாணி கேட்டாள்.

சுவாமிகளை விரட்டியாயிற்று, சரி. சிம்னி அதே இடத்தில்தான் நிற்கிறது, சாம்பலும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஐயா, அம்மா, கும்பிட்ட கையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். "எங்க புள்ளைங்க மூச்சுல சாம்பலக் கொட்டறது எவன்டா?" என்று ஒருதரமாவது வாயைத் திறந்து கேளுங்கள்.