ஊசிப்பாறைத் தோட்டத்தின் சிக்கனக் குறிமுள்

உலகத்தில் பெரிய பெரிய யுத்தங்கள் நடந்திருக்கின்றன. ராஜ்யங்கள் விழுந்திருக்கின்றன, எழுந்திருக்கின்றன. ஆனால் ஒரு துப்பாக்கியின் முனையில் எந்த முள்ளை வைப்பது என்பதைக் கூட்டம் கூடி, பிரேரித்து, ஆமோதித்து, ஏகமனதாக முடிவு செய்த பெருமை மனித குலத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் உண்டு. அது லிந்துலைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டம். அந்தக் கூட்டங்களில் காரியதரிசியாக இருந்து பிஸ்கட் சாப்பிட்டவன் என்ற தகுதியில், தோட்டத்துக் கிளாக்கர் சூசைரட்ணமாகிய நான் இந்தச் சரித்திரத்தை எழுதுகிறேன். சுதந்திரம் கிடைத்துப் பல வருஷமாகியும் எங்களுக்குத் துரையாக இருந்தவர் வெள்ளைக்காரர்தான். எங்கள் மலை ஏறுவதற்குச் சுதந்திரத்துக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டும்.

சரித்திரம் ஒரு பன்றியில் தொடங்குகிறது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் பேச்சியம்மா உருளைக்கிழங்கு போட்டிருந்தாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பொழுது சாயும்வரை அந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு மூச்சை நிறுத்திக்கொள்ளும். கிழங்கை விற்று மகள் அழகம்மாவைத் தலவாக்கலைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது பேச்சியம்மாவின் திட்டம். லயம் முழுக்க அதைச் சொல்லி வைத்திருந்தாள். பன்றிகளிடம் மட்டும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவை கூட்டமாகக் காட்டிலிருந்து இறங்கி வர ஆரம்பித்தன.

பன்றி வந்தால் எங்கள் தோட்டத்துத் தப்புக்காரன் பழனியாண்டி தன் தப்பு மேளத்தை எடுத்து அடிப்பான். நாலு அடி விழுந்தால் போதும், பன்றிகள் பக்கத்துத் தோட்டத்துக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடும். விடியற்காலையில் லயத்தை எழுப்பி, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்துக்கு அனுப்புவதும் அதே தப்புதான். எங்கள் தோட்டத்தில் சங்கு கிடையாது, மணி கிடையாது. காலையில் அடித்தால் அது 'நிர்வாகம்'. ராத்திரி அடித்தால் அது 'இரைச்சல்'. இந்த நுட்பமான வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் வில்மட் துரை. அவருக்குத் தூக்கம் கெட்டுவிட்டது.

"சத்தம் வேணாம்! தப்பு ஆபீசுக்குக் கொண்டு வா. பன்னி நான் சுடும்" என்று தமிழிலேயே உத்தரவிட்டார்.

அன்றிலிருந்து தப்பு என் அலமாரிக்குள் வந்துவிட்டது. விடியற்காலையில் பூட்டைத் திறந்து பழனியாண்டியிடம் கொடுப்பேன். அடித்து முடித்ததும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவேன். என்ன ஒழுங்கு! என்ன கட்டுப்பாடு!

துரையின் துப்பாக்கி சீமையிலிருந்து வந்தது. அதன் மேலே ஒரு தூரக்கண்ணாடிக் குழாய் உண்டு. குழாய் இருக்கும் கர்வத்தில், சாதாரணத் துப்பாக்கிகளுக்குக் குறி பார்க்க முனையில் இருக்கும் இரும்புக் குறிமுள்ளை அதற்கு வைக்கவே இல்லை. முதல் நாள் பொழுது சாயும் நேரம் துரை கிழங்குப் பாத்தி ஓரத்தில் போய் உட்கார்ந்து, குழாயில் கண்ணை வைத்தார். எங்கள் ஊர் மூடுபனி சும்மா இருக்குமா? வந்து கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

"கண்டாக்கு! பன்னி இல்லே. பால் இருக்கு" என்றார் துரை.

பக்கத்தில் நின்றவர் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி. துரை சொன்னதை மறுத்துப் பேசுகிற கெட்ட பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

"ஆமாங்க தொரை. பாலுதாங்க. நல்ல பாலு" என்றார்.

இப்படித்தான் பிறந்தது 'சிக்கன மாற்றுக் குறிமுள் தெரிவுக் குழு'. துரை தலைவர், கண்டாக்கு உறுப்பினர், நான் காரியதரிசி. கண்ணாடி வேர்க்கிறது, இரும்பு வேர்க்காது, ஆகவே இரும்பு வேண்டும், அதுவும் மலிவாக வேண்டும். இதுதான் எங்கள் கொள்கை.

முதல் கூட்டத்தில் லண்டன் கடையின் படப் புத்தகத்தைப் பார்த்தோம். மடக்கி விரிக்கக்கூடிய அருமையான குறிமுள் ஒன்று அதில் இருந்தது. பக்கத்தில் விலையும் இருந்தது. துரை விலையைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார், பிஸ்கட்டை எடுத்தார். நாங்களும் எடுத்தோம். கூட்டம் இனிதே நிறைவுற்றது.

இரண்டாவது கூட்டத்தில் கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் இருக்கும் குறிமுள் பற்றி ஆராய்ந்தோம். யாரோ ஒரு கர்னல் அதை வைத்து யானை சுட்டாராம்.

கண்டாக்கு எழுந்து நின்றார். "தொரை மன்னிக்கணும். யானைக்கு வச்ச முள்ளுங்க. பன்னிக்குப் பெருசா இருக்குமுங்களே?"

துரை நெடுநேரம் யோசித்தார். "கெட்டிக்காரன்!" என்று அவர் முதுகில் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் வாசலில் பேச்சியம்மா வந்து நின்றாள். முதுகில் கொழுந்துக்கூடையின் ஈரம் காயவில்லை.

"ஐயா, நேத்தும் ரெண்டு பாத்தியைப் பொரட்டிப் போட்டுருச்சுங்க. அந்தத் தப்பைக் குடுத்தீங்கன்னா நானே அடிச்சுக்கிறேன். புள்ளை படிப்புங்க ஐயா, அந்தக் கெழங்குலதான் இருக்கு."

"பொறு பேச்சியம்மா. முள்ளு வரப் போகுது" என்றேன் நான்.

"முள்ளு வந்து என்னங்க செய்யும்? மூடுபனி கண்ணாடியில மட்டுமா இருக்கு? மலை முழுக்கத்தானே கெடக்கு?"

"ஏய்! நீ குழுவுல உறுப்பினரா?" என்று கண்டாக்கு அதட்டினார். "உறுப்பினர் இல்லாதவங்க கூட்டத்துல பேசக்கூடாது, தெரியுமா?"

அவள் உறுப்பினர் இல்லை என்பதை நான் உடனே குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது கூட்டம்தான் பொன்னெழுத்துக்களில் பொறிக்க வேண்டியது. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் அப்புஹாமி பாஸ் நிபுணராக அழைக்கப்பட்டார்.

"தொரை மஹத்தயா, என்னாத்துக்கு காசு? தேயிலைப் பெட்டித் தகரம் இருக்கு. பங்களாவுல உடைஞ்ச கிராமபோன் ஊசி இருக்கு. தகரத்துல ஓட்டை போடுறது, கண்ணுகிட்ட வைக்கிறது. ஊசி துப்பாக்கி மூக்குல வைக்கிறது. ஓட்டைக்குள்ள பாத்தா முள்ளு தெரியும். முள்ளு மேல பன்னி தெரியும். அவ்வளவுதான்!"

நாங்கள் மூவரும் எழுந்து நின்று கை தட்டினோம். தகரம் தோட்டத்துடையது, ஊசி துரையுடையது, ஓட்டை யாருக்கும் சொந்தமில்லாதது. இதைவிட மலிவாக ஒரு ஆயுதத்தை ஹிட்லராலும் செய்திருக்க முடியாது. பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. பாஸ் சொன்ன ஓட்டைச் சூத்திரம் அன்று பொழுது சாயுமுன் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

முள்ளை வைத்தால் போதுமா? சுட்டுப் பார்த்து நேர் செய்ய வேண்டாமா? அதற்கு வட்டமாக, வெள்ளையாக, மூடுபனியிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள் தேவைப்பட்டது. கண்டாக்கு என் அலமாரியைப் பார்த்தார். நான் கண்டாக்கைப் பார்த்தேன். பெரியவர்களுக்கு நல்ல யோசனை ஒரே நேரத்தில்தான் வரும். தப்பை வெளியே எடுத்து, தேயிலைப் பெட்டிக்கு அடையாளம் போடும் கறுப்பு மையால் நடுவில் ஒரு பொட்டு வைத்து, பங்களா வேலிக் கட்டையில் மாட்டினோம்.

முதல் குண்டு துரையின் முட்டைக்கோசுப் பாத்தியில் விழுந்தது. பாஸ் ஊசியைக் குறடால் இடப்பக்கம் வளைத்தார். அடுத்த குண்டு துரைசானி காயப்போட்டிருந்த மேசைவிரிப்புக்குள் புகுந்து புறப்பட்டது. பாஸ் வலப்பக்கம் வளைத்தார். அதற்கடுத்த குண்டு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. மலைகளுக்கு அப்பால் இருக்கும் உடப்புசல்லாவையிலிருந்து முறைப்பாடு எதுவும் வரவில்லை என்பதால் வெற்றி என்றே எடுத்துக்கொண்டோம். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு குண்டு! பொட்டின் நட்ட நடுவில்! தப்பு கடைசியாக ஒரு தடவை 'டொம்' என்றது.

கண்டாக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். துரை தொப்பியை மேலே எறிந்தார். எனக்கோ சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்த பழனியாண்டி தலையில் கை வைத்தான். "அட கடவுளே! தப்பையா சுட்டீங்க? வெடியக்காலையில எதைங்க நான் அடிக்கிறது?"

"அதைக் காலையில பாத்துக்கலாம்டா. இப்ப கை தட்டு" என்றார் கண்டாக்கு.

அன்று மாலையே துரை கிழங்குப் பாத்திக்குப் போனார். மூடுபனி கொட்டியது. பக்கத்தில் நின்ற எனக்கு என் காலில் இருந்த சப்பாத்தே தெரியவில்லை. துரை ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"கிளாக்கர்! முள்ளு தெரியுது! நல்லா தெரியுது!" என்று கூவினார்.

"பன்னிங்க தொரை?"

"பன்னி தெரியலே. ஆனா முள்ளு ரொம்ப ஜோர்!"

மனம் நிறைந்து, சூப் ஆறிவிடுமே என்று பங்களாவுக்குப் போய்விட்டார். அவர் போனபின் பன்றிகள் வந்தன. அடிக்கத் தப்பும் இல்லை.

மறுநாள் விடிந்தது. பெரட்டுக்களத்தில் துரை துப்பாக்கியோடு நிற்கிறார், கண்டாக்கு நிற்கிறார், ஓட்டைத் தப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். வேறு ஒரு குஞ்சு குருமான் இல்லை. தப்பு அடிக்காததால் லயம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கண்டாக்கு தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். மூடுபனி அதையும் விழுங்கிவிட்டது.

முதலில் வந்தவள் பேச்சியம்மா. முழங்கால் வரை சேறு. கண் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு கையில் அழகம்மாவைப் பிடித்திருந்தாள்.

"எல்லாம் போச்சுங்க ஐயா. தோண்டித் தின்னுட்டுப் போயிருச்சுங்க. வெதைக்குக்கூட ஒரு கெழங்கு மிஞ்சல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "புள்ளைக்குப் பேர் பதிஞ்சுக்கங்க. கொழுந்துக்கு வருவா."

அழகம்மா தரையைப் பார்த்தாள். நான் சந்தோஷமாகப் பேரைப் பதிந்துகொண்டேன். கிராமபோன் ஊசி ஒன்றைச் செலவழித்துத் தோட்டத்துக்கு ஒரு ஆள் சம்பாதித்துக் கொடுத்தது எங்கள் குழு! இப்படி ஒரு லாபத்தை எந்தக் கம்பெனி கண்டிருக்கிறது?

ஆனாலும் அவள் அழுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டுமே என்று தப்பை நீட்டினேன். "இங்க பாரு பேச்சியம்மா, தொரை சுட்டது. நட்ட நடுவுல. ஒரு நூல் விலகல."

அவள் தப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, குண்டு போன ஓட்டையில் கண்ணை வைத்தாள். எங்கள் பக்கமாகத் திரும்பி, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"பாஸ் சொன்னது சரிதாங்க ஐயா. ஓட்டைக்குள்ள பாத்தா நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

"என்னா தெரியுது?" என்றார் துரை ஆவலாக.

"பன்னிங்க தொரை. மூணு நிக்குது."

"எங்கே? எங்கே?" துரை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பம்பரமாகச் சுழன்றார். கண்டாக்கு குனிந்து தேயிலைச் செடிக்கு அடியில் தேடினார். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாலாபக்கமும் பார்த்துவிட்டேன். அவள் பார்த்த திக்கில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம்.